உங்கள் பாட்டு உங்களிடம் இருக்கிறதா?

2024 ஆகஸ்டு மாதக் கடைசியில் ஏர்டெல் நிறுவனம் தன் ‘விங்க் மியூசிக்’ செயலியை மூடப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதியோடு ‘ரெஸ்ஸோ’ இந்தியாவில் நின்றுபோயிருந்தது. அதற்கு முன்பு, 2020 இறுதியில் ‘கூகுள் பிளே மியூசிக்’ போனது. பிடித்த பாட்டுகளை ‘டவுன்லோடு’ பட்டனை அமுக்கிச் சேர்த்துவைத்தவர்கள் இவற்றில் ஏராளம். சில நிறுவனங்கள் பட்டியலை வேறு செயலிக்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்தன. ஆனால் மாறுவது பட்டியல்தான், பாட்டு அல்ல. செயலிக்குள் இறக்கிய பாட்டு உங்கள் போனிலேயே கிடந்தாலும் அந்தச் செயலி இருக்கும்வரை, சந்தா ஓடும்வரை மட்டும்தான் பாடும். அதை வெளியே எடுத்து இன்னொரு கருவியில் போட முடியாது.

இதே வீடுகளின் பரணில் இன்னொரு சேமிப்பு கிடக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வாங்கிய கேசட்டுகள், ரிக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்துவந்த கேசட்டுகள், பிறகு வந்த ஆடியோ சிடிகள், பிளாட்பாரத்தில் வாங்கிய எம்பி3 சிடிகள், பழைய கணினியிலிருந்து கழற்றிய ஹார்டு டிஸ்க், சார்ஜ் ஏறாத ஐபாட். எந்த நிறுவனம் மூடினாலும் இவை போகாது. ஆனால் பூஞ்சை பிடித்துப் போகும், ஓட்டிக் கேட்கக் கருவி இல்லாமல் போகும். இந்தச் சேமிப்பை ஒழுங்காகக் கணினியில் இறக்கி, பெயரிட்டு, பையில் போட்டுக்கொண்டு போகும் ஒரு பிளேயருக்குக் கொண்டுவருவது எப்படி என்று பார்ப்போம். பிளேயர் என்றால் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. மெமரி கார்டு போடும் வசதியும் ஹெட்போன் துளையும் உள்ள பழைய போனில் சிம்மை எடுத்துவிட்டு ஃபிளைட் மோடில் போட்டால் அதுவே அருமையான பிளேயர்.

எதை முதலில் எடுப்பது?

பிடித்த படப் பாட்டிலிருந்துதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கக் கூடாது. ‘முதல் மரியாதை’ பாட்டு எங்கும் போய்விடாது. நாளைக்கும் காசு கொடுத்தால் நல்ல தரத்தில் கிடைக்கும். உலகத்திலேயே ஒரு பிரதிதான் இருக்கிறது என்ற நிலையில் உள்ள கேசட்டை முதலில் எடுக்க வேண்டும். கல்யாண வீட்டில் பாட்டி பாடிய நலங்குப் பாட்டு, குழந்தையின் மழலையை அப்பா பதிந்தது, வளைகுடாவில் வேலை பார்த்தவருக்குக் கடிதத்துக்குப் பதிலாக வீட்டார் கூடி உட்கார்ந்து பேசி அனுப்பிய கேசட். இவற்றுக்கு மறுபதிப்பு கிடையாது.

அடுத்து வானொலியிலிருந்து பதிந்தவை. இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையின் பாட்டுகளை டேப் ரிக்கார்டரில் பிடித்து வைத்த தலைமுறை ஒன்று தமிழ்நாட்டின் கரையோர ஊர்களில் உண்டு. பி.எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் குரலும், நேயர் பெயர் வாசிப்பும், அலைவரிசை விலகி வரும் இரைச்சலும் அதில் சேர்ந்தே இருக்கும். பாட்டுக்கு நடுவே அறிவிப்பு வருகிறதே என்று வெட்டிவிடாதீர்கள். அந்தப் பாட்டு வேறு இடத்தில் கிடைக்கும், அந்த அறிவிப்பு கிடைக்காது.

மூன்றாவது, சின்னச் சின்ன கேசட் கம்பெனிகள் வெளியிட்டவை: கிராமியப் பாடல், வில்லுப்பாட்டு, ஊர்க் கோயில் அம்மன் பாட்டு, பட்டிமன்றம், படத்தின் கதை வசனம். வெளியிட்ட கம்பெனியே இல்லாமல் போன கேசட்டுகள் இவற்றில் நிறைய. திரைப்பாட்டு இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

ரிக்கார்டிங் சென்டர் கேசட்டுக்கு மட்டும் ஒரு தனி யோசனை. கடைக்காரர் நீல மையில் ‘ஏ சைடு, பி சைடு’ என்று எழுதித் தந்த அட்டையை முதலில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேசட்டில் உள்ள ஒலி பிரதியின் பிரதி. அதை மாற்றுவதில் பெரிய லாபம் இல்லை. ஆனால் அந்த வரிசை உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது எது என்று காது இன்றைக்கும் எதிர்பார்க்கும். நல்ல தரத்தில் வாங்கிய ஃபைல்களை அதே வரிசையில் ஒரு பிளேலிஸ்ட்டாக அடுக்கினால் கேசட் மறுபடி உங்கள் கைக்கு வந்துவிடும்.

கேசட்டை இறக்கும் வேலை

யுஎஸ்பி வயர் வைத்த கையடக்க கேசட் கன்வெர்ட்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வேண்டாம். மோட்டார் சீராக ஓடாமல் சுருதி அலைவது ஒருமுறை பதிவில் ஏறிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. யார் வீட்டிலாவது சும்மா இருக்கும் பழைய டெக்கை வாங்கி, மெக்கானிக்கிடம் கொடுத்து பெல்ட் மாற்றிக்கொள்வது மேல். ஓட்டும் முன்பு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் ஒட்டுவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். அந்தப் பழுப்பு நாடாவிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்ஸைடு. உங்கள் பழைய பாட்டுகளின் துகள்தான் அது.

கேசட்டையும் பாருங்கள். நடுவில் ஹெட்டின் எதிரே நாடாவைத் தாங்கும் சின்னப் பஞ்சுப்பட்டை பல கேசட்டுகளில் பிசின் காய்ந்து விழுந்திருக்கும். அது இல்லாமல் ஓட்டினால் ஒலி வந்து வந்து போகும். ஐந்து திருகு போட்ட கூடு என்றால் நல்லது. கழற்றி, இரண்டு சுருளையும் ஆடாமல் தூக்கி, இன்னொரு நல்ல கூட்டில் வைத்து மூடிவிடலாம். பல ஆண்டுகள் சும்மா கிடந்த நாடாவைக் கேட்கும் முன்பு ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுவது அவசியம். ஒட்டிக்கிடந்த சுற்றுகள் பிரியும்.

இனி, பலரும் தவறவிடும் ஒன்று. ஒரு டெக்கில் பதிந்ததை இன்னொரு டெக்கில் போட்டால் போர்வைக்குள் பாடுவதுபோல மந்தமாகக் கேட்கிறதா? நாடா கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஹெட்டின் ஒரு பக்கம் சின்னத் திருகு ஒன்று இருக்கும். பதிந்த டெக்கின் ஹெட் நின்ற சாய்வுக்கும் உங்கள் டெக்கின் ஹெட் நிற்கும் சாய்வுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலே உயர்ந்த ஓசைகள் மங்கிப்போகும். பாட்டை ஓடவிட்டு, சிறிய ஸ்க்ரூ டிரைவரால் அந்தத் திருகை இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்புங்கள். கால் சுற்றுக்கும் குறைவாகவே போதும். பாடுகிறவரின் ‘ச’வும் ஜால்ராவும் ஒரு இடத்தில் சட்டென்று பளிச்சிடும். அங்கே நிறுத்துங்கள். கெட்டுப்போனது என்று ஒதுக்கிவைத்த கேசட் அந்த ஒரு திருகில் உயிர்பெறுவதைக் காதால் கேட்க வேண்டும்.

இணைப்பு எளிது. டெக்கின் பின்னால் ‘லைன் அவுட்’ என்ற சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருக்கும். அங்கிருந்துதான் எடுக்க வேண்டும், ஹெட்போன் துளையிலிருந்து அல்ல. லேப்டாப்பின் மைக் துளை பெரும்பாலும் ஒற்றைச் சேனல் என்பதால், இரண்டு சேனலும் வாங்கும் சிறிய யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று தேவை. மென்பொருளுக்கு ‘ஆடாசிட்டி’ போதும். 2000-த்திலிருந்து இலவசமாகக் கிடைப்பது. பதிவின் உச்ச ஓசை மைனஸ் 6 டெசிபல் அருகே நிற்கும்படி அளவை வைத்து, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம், சுமார் 780 எம்பி வரும். பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், பிறகு சுருக்கலாம்.

இரைச்சலை எடுக்கிறேன் என்று இறங்கும்போதுதான் கை நிதானம் தேவை. இரைச்சல் நீக்கும் கருவிக்கு ‘இதுதான் இரைச்சல்’ என்று ஒரு துண்டைக் காட்ட வேண்டும். பாட்டு தொடங்கும் முன் நாடா மட்டும் ஓடும் இரண்டு நொடியைக் காட்டினால் சரி. கச்சேரிப் பதிவில் தம்பூரா ஏற்கெனவே மீட்டத் தொடங்கியிருந்தால்? மாறாமல் ஒரே சீராக வருவதெல்லாம் அந்தக் கருவிக்கு இரைச்சல்தான். அது தம்பூராவைத் தின்றுவிடும். சுருதி இல்லாத ஆலாபனை அந்தரத்தில் நிற்கும். நான் வீட்டுக் கேசட்டுகளில் இரைச்சல் நீக்குவதே இல்லை. நாடாவின் ‘ஸ்ஸ்’ சத்தத்தைக் காது ஒரு நிமிடத்தில் மறந்துவிடும். அறுபட்ட குரலை மறக்காது.

பழைய பாட்டுகளுக்கு இன்னொரு வசதி உண்டு. 1978-இல் வந்த ‘ப்ரியா’ பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. அதற்கு முந்தைய தமிழ்த் திரைப்பாடல்களெல்லாம் பெரும்பாலும் மோனோ. அவற்றை ஸ்டீரியோ டெக்கில் ஓட்டும்போது இரண்டு சேனலிலும் குரல் ஒன்றுதான், இரைச்சல் மட்டும் வேறு வேறு. இரண்டையும் சேர்த்து மோனோவாக்கினால் குரலோடு ஒப்பிட இரைச்சல் 3 டெசிபல் குறையும். ஃபைலின் அளவும் பாதியாகும். எதையும் வெட்டாமல் கிடைக்கும் சுத்தம் இது.

ஆடியோ சிடியில் இவ்வளவு பாடு இல்லை. ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ போன்ற மென்பொருள் கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். மற்றவர்கள் எடுத்த பிரதியோடு ஒப்பிட்டும் சொல்லும். தமிழ் சிடிகளுக்கு அந்த ஒப்பீட்டுப் பட்டியலில் பதிவு இல்லாமல் போவது சகஜம். அப்போது அதே சிடியை இரண்டு முறை எடுத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். வீட்டில் ‘ரைட்’ செய்த சிடிகள் கடைச் சிடிகளைவிடச் சீக்கிரம் கெடும் என்பதால் அவற்றை முந்தி எடுங்கள்.

மூலப் பத்திரமும் ஜெராக்ஸும்

இப்போது வடிவம். சிடியில் ஒரு நொடி ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில், இரண்டு சேனலுக்கும் எழுதியிருப்பார்கள். நொடிக்கு 1,411 கிலோபிட். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. இதைப் பத்தில் ஒரு பங்காக்கியதுதான் எம்பி3. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானவர்கள் உருவாக்கியது. 1995 ஜூலை 14-ஆம் தேதி ‘.mp3’ என்ற பின்னொட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய ஓசை ஒலிக்கும்போது அதை ஒட்டிய சின்ன ஓசை காதில் விழாது. விழாததை எழுதாமல் விட்டால் என்ன என்பதே அதன் அடிப்படை.

அந்த முறையைச் சோதிக்க பிராண்டன்பர்க் எடுத்துக்கொண்ட பாட்டுகளில் ஒன்று சூசன் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’. பக்கவாத்தியமே இல்லாத தனிக்குரல். மறைத்துக்கொள்ள வேறு ஓசை இல்லாததால் சுருக்கலின் குறை அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. நம் இசையிலும் அதே கதைதான். பத்துப் பதினைந்து வாத்தியம் முழங்கும் குத்துப் பாட்டை 128 கேபிபிஎஸ்ஸில் (நொடிக்கு 128 கிலோபிட்) கேட்டால் பெரிதாக ஒன்றும் தெரியாது. தம்பூரா மட்டும் துணையிருக்கும் விருத்தத்தைக் கேளுங்கள், குரலின் ஓரம் மணல் தடவியதுபோல இருக்கும். கடம், கஞ்சிரா, ஜால்ரா போன்ற சட்டென்று வெடிக்கும் ஓசைகளிலும் அடி விழும் முன்பே அதன் நிழல் கேட்கும். ஆகவே கர்நாடக சங்கீதமும் பக்தி விருத்தமும் நிறைய வைத்திருப்பவர்கள் 128-ஐப் பக்கத்திலேயே அண்டவிடக் கூடாது.

எம்பி3 ஒருமுறை தூக்கி எறிந்ததை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. 128 கேபிபிஎஸ் ஃபைலை 320-ஆக மாற்றினால் எடைதான் கூடும். பிளாட்பார எம்பி3 சிடிகளிலும் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கும் கடைகளிலும் ‘320’ என்று வருவதில் பல இந்த வகை. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராம் என்ற தோற்றத்தைத் திறந்தால் ஓசை உயரம் வண்ணத்தில் தெரியும். 16 கிலோஹெர்ட்ஸ் உயரத்தில் கத்தரித்ததுபோல நேர்கோடாக நின்றால் அது ஒரு காலத்தில் 128-ஆக இருந்து வந்தது என்று சந்தேகப்படலாம். உண்மையான 320 சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகும்.

எனவே கேசட்டையோ சிடியையோ கணினியில் இறக்கியதும் முதலில் ‘ஃபிளாக்’ வடிவில் வையுங்கள். 2001-இல் வந்த இலவச வடிவம். எதையும் தூக்கி எறியாமல், ஒலியை ஏறக்குறைய 60 சதவீத அளவுக்குச் சுருக்கும். விரித்தால் ஒரு பிட் குறையாமல் பழையபடி வரும். ஆப்பிளின் மியூசிக் செயலி ஃபிளாக்கை ஏற்காது. ஆனால் ஃபிளாக்கை ஆப்பிளின் ‘ஏலாக்’ வடிவத்துக்கு மாற்றுவதில் எந்த இழப்பும் இல்லை. ஃபிளாக் உங்கள் மூலப் பத்திரம், பீரோவில் இருக்க வேண்டியது. பிளேயருக்கும் காருக்கும் போவது அதிலிருந்து எடுத்த ஜெராக்ஸ். ஜெராக்ஸிலிருந்து இன்னொரு ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். எம்பி3-ஐ ஏஏசி என்ற இன்னொரு சுருக்க வடிவமாக்குவது, ஏஏசியை மறுபடி எம்பி3 ஆக்குவது என்று ஒவ்வொரு கருவி மாற்றும்போதும் செய்தவர்களின் பாட்டுகள் இன்று தகர டப்பாவில் கேட்கின்றன.

பிளேயருக்கு எது? 5 நிமிடப் பாட்டு ஃபிளாக்கில் சுமார் 30 எம்பி, 256 கேபிபிஎஸ் எம்பி3-யில் 10 எம்பிக்கும் சற்றுக் குறைவு. 128 ஜிபி மெமரி கார்டில் முதலாவது 4,000 பாட்டுக்கு மேல், இரண்டாவது 13,000 அளவுக்குப் பிடிக்கும். புளூடூத் இயர்போனில் கேட்பவர்களுக்கு 256 தாராளம். போன் எப்படியும் பாட்டை மறுபடி ஒருமுறை சுருக்கித்தான் காற்றில் அனுப்புகிறது. நல்ல வயர் ஹெட்போன் வைத்திருந்தால், இடமும் இருந்தால், ஃபிளாக்கையே ஏற்றிக்கொள்ளுங்கள். எம்பி3-இன் காப்புரிமை உரிமக் கட்டணம் 2017 ஏப்ரலில் முடிந்துவிட்டது. அதைப் பாடாத கருவியும் அநேகமாக இல்லை. காருக்கு அதுதான் பத்திரம்.

பாட்டுக்குப் பெயர் வைப்பது

2017-இல் சரிகம நிறுவனம் 5,000 பாட்டுகளை உள்ளேயே வைத்து ‘காரவான்’ பெட்டியைக் கொண்டுவந்தபோது வீட்டுப் பெரியவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். வாங்கியவர்களில் பலரிடம் அந்தப் பாட்டுகள் ஏற்கெனவே ஏதோ ஒரு பென்டிரைவில் இருந்தன. ஆனால் பென்டிரைவில் அவை ‘டிராக் 07, அன்னோன் ஆர்ட்டிஸ்ட்’ என்று கிடந்தன. பெட்டியிலோ வட்டப் பட்டனைத் திருப்பினால் பாடகர் பெயரிலும் இசையமைப்பாளர் பெயரிலும் பாட்டு வந்தது. வித்தியாசம் பெயரில்தான் இருந்தது.

அந்தப் பெயர் ஃபைலின் உள்ளேயே எழுதப்படுவது. அதற்கு ‘டேக்’ என்று பெயர். பழைய ஐபாட்டைக் கணினியில் சொருகி, மறைந்திருக்கும் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் இது புரியும். எஃப்00, எஃப்01 என்ற வரிசையில் ஃபோல்டர்கள், ஒவ்வொன்றிலும் நான்கே எழுத்தில் அர்த்தமில்லாத பெயருடன் பாட்டுகள். ஃபைலின் வெளிப்பெயரை ஐபாட் மாற்றிவிட்டிருக்கும். டேக் உள்ளே பத்திரமாக இருப்பதால், அவற்றை வெளியே நகலெடுத்து ‘எம்பி3டேக்’ என்ற இலவச மென்பொருளில் போட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பழைய பெயரை மீட்டுவிடலாம். டேக் இல்லாமல் ஏற்றியிருந்தால் ஆயிரம் பாட்டையும் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1996-இல் வந்த முதல் டேக் முறை ஃபைலின் கடைசியில் 128 பைட் மட்டும் ஒதுக்கியது. தலைப்புக்கு 30 பைட், பாடகருக்கு 30, ஆல்பத்துக்கு 30. ஆங்கிலத்துக்கு ஓரளவு போதும். தமிழை யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். ‘தில்லானா மோகனாம்பாள்’ என்று எழுத 58 பைட் ஆகும். 30 பைட்டில் ‘தில்லானா ம’ என்பதோடு நின்றுவிடும். 1998-இல் வந்த இரண்டாவது முறையில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. எம்பி3டேக்கில் ‘ஐடி3வி2.3, யூடிஎஃப்-16’ என்று தேர்ந்துகொண்டால் தமிழிலேயே எழுதலாம். பழைய கருவிகளும் பெரும்பாலும் படிக்கும்.

படிப்பது வேறு, காட்டுவது வேறு. சில பிளேயர்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். சிலவற்றில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். அதற்காகத் தமிழைக் கைவிட வேண்டாம். மூலத்தில் தமிழில் வையுங்கள், அந்தப் பிளேயருக்கு எடுக்கும் பிரதியில் மட்டும் ஆங்கில எழுத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதுவதென்றால் ஒரே எழுத்துக்கூட்டல் முக்கியம். இளையராஜா பெயரில் ஓர் ‘ஐ’ கூடினாலும் ஓர் ‘ஏ’ குறைந்தாலும் பிளேயருக்கு அவர் வேறு ஆள். இணையத்திலிருந்து இறக்கிய பாட்டுகளில் அவர் நான்கைந்து பேராகப் பிரிந்து கிடப்பார்.

திரைப்பாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. டேக் முறையை உருவாக்கியவர்கள் மனதில் இருந்தது ஒரு பாடகர், அவருடைய ஒரு ஆல்பம் என்ற வழக்கம். நம் படத்தில் ஆறு பாட்டை ஆறு பேர் பாடியிருப்பார்கள். ‘ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் பாடகர் பெயரை எழுதினால் பிளேயர் ஒரே படத்தை ஆறு ஆல்பமாகச் சிதறடித்துவிடும். அதற்குப் பயந்து அங்கே இசையமைப்பாளர் பெயரை எழுதினால் எஸ். ஜானகியின் பாட்டுகளை மட்டும் கேட்க வழியில்லாமல் போகும். தீர்வு, ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற தனி இடம். அங்கே இசையமைப்பாளர். ‘ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் பாடியவர்கள், ஒருவருக்கு மேல் என்றால் நடுவே அரைப்புள்ளி. ‘கம்போசர்’ இடத்தில் மறுபடி இசையமைப்பாளர். ‘லிரிசிஸ்ட்’ என்று ஓர் இடம் இருக்கிறது, யாருமே நிரப்பாதது. அங்கே பாடலாசிரியர். கண்ணதாசனையும் வைரமுத்துவையும் நா. முத்துக்குமாரையும் தேடிக் கேட்க வேண்டுமென்றால் அந்த இடம் நிரம்பியிருக்க வேண்டும். கேசட்டின் உள்ளட்டையில் இந்த விவரம் அச்சிட்டிருக்கும், பல செயலிகளில் காண முடியாது. அட்டையைத் தூக்கிப்போடும் முன்பு இதைப் பதிந்துகொள்ளுங்கள்.

படப் பெயரோடு ஆண்டையும் சேருங்கள். ‘பொல்லாதவன்’ 1980-இல் எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் வந்தது, 2007-இல் ஜி.வி. பிரகாஷ் குமார் இசையில் வந்தது. ‘பில்லா’, ‘படிக்காதவன்’, ‘மாப்பிள்ளை’ எல்லாம் இப்படி இரண்டு. ஆண்டு இல்லையென்றால் விஸ்வநாதன் பாட்டு முடிந்ததும் அதே ஆல்பத்தில் பிரகாஷ் குமார் பாட்டு தொடங்கும்.

கர்நாடக இசைக்கு அமைப்பு வேறு. ‘ஆர்ட்டிஸ்ட்’ பாடகர், ‘கம்போசர்’ தியாகராஜரோ தீட்சிதரோ பாபநாசம் சிவனோ. ‘ஷான்ரா’ என்ற வகை இடத்தில் ராகத்தின் பெயரை எழுதிப் பாருங்கள். பழைய முறையில் அந்த இடம் ஓர் எண் மட்டும்; முதலில் இருந்த 80 வகைகளில் நம் இசைக்கு இடமே இல்லை. இப்போது எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு சாயங்காலம் ‘கல்யாணி’யைத் தொட்டால் உங்களிடமுள்ள அத்தனை கல்யாணியும் வரிசையாக வரும், கச்சேரி, படப்பாட்டு பேதமில்லாமல். இவ்வளவு உழைத்ததற்கு முழுப் பலனும் எனக்குக் கிடைத்தது இந்த ஒரு இடத்தில்தான் என்று சொல்வேன். ‘சிந்து பைரவி’ படப் பாட்டுகளுக்கும் அரியக்குடியின் கச்சேரிகளுக்கும் நடுவே அப்படி ஒரு கதவு திறக்கும்.

பிளேயரில் ஏற்றும்போது

பாட்டுக்குப் பாட்டு சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தொல்லைக்கு ‘ரீப்ளே கெயின்’ என்ற வழி இருக்கிறது. ஒலியைத் தொடாமல், இந்தப் பாட்டை இவ்வளவு குறைத்துப் பாடு என்று டேக்கில் எழுதிவைப்பது. அறுபதுகளின் பாட்டும் இன்றைய பாட்டும் அடுத்தடுத்து வரும் பிளேலிஸ்ட்டில் இது மிகவும் வேண்டும். பிளேயர் அதை ஆதரிக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். கச்சேரி கேட்பவர்கள் ‘கேப்லெஸ்’ வசதியையும் பாருங்கள். சிடியில் ராகம், தானம், பல்லவியைத் தனித்தனி டிராக்காகப் பிரித்திருப்பார்கள். எம்பி3 ஒவ்வொரு ஃபைலின் முன்னும் பின்னும் இம்மி மௌனத்தைச் சேர்ப்பதால், தானம் பல்லவியில் இறங்கும் இடத்தில் ஒரு விக்கல் வரும். ஃபிளாக்கில் அந்தத் தொல்லை கிடையாது.

கார் ஸ்டீரியோ தனி ரகம். பெரும்பாலானவை ‘ஃபேட்32’ முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவைத்தான் படிக்கும். சில, பாட்டை அகரவரிசையில் அல்லாமல் நகலெடுத்த வரிசையிலேயே பாடும். ஃபைல் பெயரை 01, 02 என்று தொடங்கி, ஒவ்வொரு படத்தின் ஃபோல்டரையும் வரிசையாக ஏற்றினால் சரியாக வரும். வெறும் 1, 2 என்று எழுதினால் 1-க்கு அடுத்து 10 பாடும். மெமரி கார்டு வாங்கியதும் அதன் முழுக் கொள்ளளவையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள். 128 ஜிபி என்று அச்சடித்த போலிக் கார்டு 8 ஜிபிக்கு மேல் எழுதியதையெல்லாம் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

பழைய ஹார்டு டிஸ்க்கில் டபிள்யூஎம்ஏ ஃபைல்கள் இருந்தால் இன்றே திறந்து பாருங்கள். விண்டோஸ் மீடியா பிளேயரின் பழைய பதிப்புகளில் சிடியை இறக்கும்போது ‘பிரதி எடுப்பதைத் தடு’ என்ற தேர்வு இருந்தது. அது டிக் ஆகியிருந்தால் அந்தப் பாட்டு அந்தக் கணினியில் மட்டுமே பாடும். அப்படிப்பட்டவற்றோடு மல்லுக்கட்டாமல் சிடியிலிருந்து மறுபடி எடுத்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்கிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) பிரிவு 52(1)(அ), 2012 திருத்தத்துக்குப் பிறகு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை மீறலாகக் கருதுவதில்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சிடியை உங்கள் பிளேயரில் கேட்பதற்காக மாற்றிக்கொள்வது அதற்குள் அடங்கும் என்பதே என் புரிதல். பிறருக்கு ஏற்றிக் கொடுப்பதும் விற்பதும் அடங்காது. பழையதுதானே, இணையத்தில் போட்டால் என்ன என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம் வெளியான ஆண்டுக்கு அடுத்து 60 ஆண்டு. 1964-இல் வெளியானதற்கு 2024 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் பாடல் வரிகளுக்கான காலம் எழுதியவரின் மறைவுக்குப் பிறகு 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981-இல். அவர் வரிகளுக்கு 2041 வரை உரிமை உண்டு.

கடைசியாகப் பிரதி. மூலம் ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் அது சேமிப்பே அல்ல. இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கி முழுதாக நகலெடுத்து, அதை வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ வைத்துவிடுங்கள். ஃபிளாக் ஃபைலுக்குள்ளேயே ஒரு சரிபார்ப்பு எண் இருக்கிறது. கெட்டிருக்கிறதா என்று மென்பொருளிடம் கேட்டால் மொத்தத் தொகுப்பையும் சோதித்துச் சொல்லும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது இரண்டையும் ஒப்பிட்டுச் சோதித்துவிடலாம். அப்போது வீட்டுக் கேசட்டுகளை அங்கே ஓடவிடுங்கள். நலங்குப் பாட்டில் பின்பாட்டுப் பாடும் குரல் யாருடையது என்று உங்களுக்குத் தெரியாமல் ‘ஆர்ட்டிஸ்ட்’ இடத்தைக் காலியாக விட்டிருப்பீர்கள். அக்காவுக்குத் தெரிந்திருக்கும், இல்லையென்றால் அத்தைக்கு போன் போட்டுக் கேட்பார். கேட்டதும் அந்தப் பெயரை இரண்டு டிஸ்க்கிலும் எழுதிவிடுங்கள்.